தெருவிளக்குக் கம்பமும் கேமராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்போம். நான் பெரும்பாலும் தெருவிளக்குக் கம்பங்களையே எடுப்பதால், புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாராவாரம் வாய் வலிக்கச் சொல்வதற்கு ஒருதரம் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எடுக்க எவ்வளவோ இருக்கிறது. கம்பத்தைப் போய் ஏன்?

எனக்கும் ஆரம்பத்தில் கம்பம் என்றால் எரிச்சல்தான். கோபுரத்தை எடுக்கப் போனால் குறுக்கே ஒன்று, தேரை எடுக்கப் போனால் நடுவில் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து முதல் வேலையாக அதைத் துடைத்து எறிவேன். ஒருமுறை மழை விட்ட நேரத்தில் எங்கள் தெரு முனையை எடுத்து, கம்பம், கம்பி எல்லாவற்றையும் சுத்தமாக அழித்து அம்மாவிடம் காட்டினேன். "இது எந்த ஊருப்பா?" என்றாள். முப்பது வருஷமாக அவள் பால் வாங்கப் போகிற முனை அது. அழிக்காத படத்தைக் காட்டியதும், "நம்ம டீக்கடை முக்குல்லா இது" என்றாள்.

அன்றைக்கு அழிப்பதை நிறுத்தினேன். நம் ஊரில் வழி சொல்லும்போதே "கம்பத்துக்கு அடுத்த வீடு" என்றுதானே சொல்கிறோம். கிட்டப் போய்ப் பாருங்கள். கறுப்பு பெயிண்டில் எழுதிய எண், ஏதோ ஒரு தேர்தலில் அடித்த கட்சி வண்ணப் பட்டை, அதன்மேல் பாதி கிழிந்த டியூஷன் நோட்டீஸ், போன வருஷக் கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் கட்டி அவிழ்க்காமல் விட்ட சணல் கயிறு, கீழே பையன்கள் சாக்பீஸால் கிழித்த மூன்று கோடு. அதுதான் ஸ்டம்பு. எங்கள் தெருவில் அந்தக் கம்பத்தில் பந்து பட்டால் அவுட், கம்பியில் பட்டால் டெட் பால்.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பத்தின் உயரம் எல்லார் கண்ணுக்கும் பழகிப்போனது. மலையோ மேகமோ எவ்வளவு பெரிது என்று படத்தில் காட்டப் பக்கத்தில் ஒரு கம்பம் நின்றால் போதும்.

எந்தக் கம்பத்தில் தொடங்குவது?

வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற கம்பத்தில். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் அதை 'போஸ்ட் மரம்' என்பார்கள். மரம் போய் சிமெண்ட் வந்தும் பெயர் மாறவில்லை. ஒரு வருஷம் அந்த ஒரே கம்பத்தை எடுங்கள். வெயில், சாரல், கார்த்திகை, தேர்தல், மின்வெட்டு எல்லாம் அதன் காலடி வழியாகத்தான் போகும்.

அதில் கைப்பழக்கம் வந்த பிறகு மற்ற ரகங்களைப் பார்க்கலாம். தெருக்களில் மின்வாரியத்தின் சிமெண்ட் கம்பம்தான் அதிகம். 7.5 முதல் 9 மீட்டர் நீளம். அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் விளக்கு உள்ளாட்சியுடையது. ஒரே கம்பத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருப்பதால்தான் அதில் இத்தனை கம்பியும் கிளாம்பும் ஒட்டுப்போட்ட வேலையும். பெரிய சாலைகளில் துத்தநாகம் பூசிய எண்கோண இரும்புக் கம்பம். நான்குமுனைச் சந்திப்புகளில் ஹைமாஸ்ட், அதாவது உச்சியில் விளக்குக் கொத்து வைத்த உயரக் கம்பம். பூங்காக்களில் பழைய காலத்து விளக்குபோலச் செய்த அலங்காரக் கம்பம்.

அந்த அலங்காரக் கம்பம் எனக்குப் பிடிப்பதில்லை. அது போஸ் கொடுத்துக்கொண்டே நிற்கிறது.

எந்த நேரத்தில் எடுத்தால் நன்றாக வரும்?

விளக்கு போட்டாயிற்று, வானம் இன்னும் செத்துப்போகவில்லை. அந்த இடைவெளிதான் நேரம். முழு இருட்டில் எடுத்தால் விளக்கு வெள்ளைப் பொட்டாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் வரும். கம்பம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

நம் ஊரில் அந்த இடைவெளி குறைவு என்பதை நினைவில் வையுங்கள். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைந்த பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அந்தி நீடிக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சரிந்து போகாமல் நேரே விழுகிறது. இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் கதை கிட்டத்தட்ட முடிந்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் நீல நேரம் (இந்த இடைவெளிக்கு அவர்கள் வைத்த பெயர்) ஒரு மணி நேரம் என்று சொல்வதை நம்பிப் போனால், டிரைபாடை விரிப்பதற்குள் ராத்திரியாகிவிடும்.

எனக்குக் கைகொடுப்பது மறைவுக்குப் பிறகு பத்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரை. நெல்லையில் சூரியன் நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும். அரை மணி நேரம் முன்னதாகப் போய் இடத்தைப் பிடித்து, ஃபிரேமை அமைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு காத்திருங்கள். விளக்கு போடும் நேரம் தெருவுக்குத் தெரு மாறும். சில தெருவில் நாலரை மணிக்கே எரியும், சில தெருவில் ஏழு மணிக்கும் எரியாது. உங்கள் கம்பத்தின் சுபாவத்தை நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடியற்காலையிலும் இதே இடைவெளி தலைகீழாக வரும். கூட்டம் இருக்காது. கோலம் போடுகிறவர்களும் பால்காரரும் கிடைப்பார்கள்.

கேமராவில் என்ன அளவு வைப்பது?

ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் உணர்திறன்; எஃப் எண் லென்ஸ் திறப்பின் (அப்பர்ச்சர்) அளவு, எண் கூடினால் திறப்பு சிறுக்கும்; ஷட்டர் என்பது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். தொடங்குவதற்கு இரண்டு கணக்கு சொல்கிறேன். டிரைபாட் இருந்தால் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 8 விநாடி. கையில் பிடித்து எடுத்தால் ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, ஷட்டர் 1/60. இரண்டிலும் படத்தில் வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றே. முதல் கணக்கில் வண்டிகள் கோடாகும், மனிதர்கள் மறைந்துபோவார்கள். இரண்டாவதில் மனிதர்கள் நிற்பார்கள், கொஞ்சம் மணல் தூவியதுபோல இரைச்சல் வரும். தெருவில் ஆள் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். எண்கள் தானாக வரும்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளவுமானி விளக்கைப் பார்த்துவிட்டால் படம் முழுக்க இருண்டுவிடும். கீழே விளக்கொளி விழுந்த தரையையோ சுவரையோ அளந்து, அங்கிருந்து ஒரு படி (வெளிச்சம் பாதியாக) குறைத்து எடுங்கள். விளக்கின் நடு வெள்ளையாக வெந்துபோவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அதைச் சுற்றிய மூடியின் விளிம்பு தெரிந்தால் போதும்.

டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். 2 விநாடி டைமர் போடுங்கள். லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் யூவி கண்ணாடியைக் கழற்றுங்கள். விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பச்சைப் புள்ளியாக வானத்தில் ஒட்டுவது பல நேரம் அதுதான்.

30 விநாடிக்கு மேல் போக வேண்டுமானால் பல்ப் முறையில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) விரலால் எண்ணினாலும் போதும். 1930-களில் பாரிஸின் இரவுத் தெருக்களைப் படமெடுத்த பிரசாய், தெரு வெளிச்சமாக இருந்தால் ஒரு ரக சிகரெட், இருட்டாக இருந்தால் தடித்த இன்னொரு ரகம் என்று பற்றவைத்து, அது எரிந்து முடிவதை வைத்து நேரத்தைக் கணக்கிட்டாராம். நாம் டீ குடித்துக் கணக்கிடலாம், நுரையீரலுக்கு நல்லது.

மஞ்சள் விளக்கு, வெள்ளை விளக்கு. எது நல்லது?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பக்கச்சார்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் சோடியம் விளக்கில் வளர்ந்தவன்.

சோடியம் ஆவி விளக்கின் ஒளி 2000 கெல்வின் பக்கம் (ஒளியின் நிறத்துக்கான அலகு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), நல்ல காவி கலந்த மஞ்சள். பொருள்களின் நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்குச் சூரிய ஒளிக்கு 100 மதிப்பெண் என்றால் இதற்கு 25 அளவுதான் கிடைக்கும். அதன் கீழே நீலச் சேலை சாம்பலாகிவிடும், பச்சைக் கதவு பழுப்பாகிவிடும். "எடிட்டிங்கில் நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது. அந்த நிறம் கேமராவுக்குள் வரவே இல்லை. விளக்கிலேயே நீலம் இல்லாதபோது சேலை எதைத் திருப்பி அனுப்பும்?

எல்இடி வேறு மாதிரி. நம் தெருக்களில் போடுவது பெரும்பாலும் 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான வெள்ளை. நிறங்கள் தெரியும், நிழல் கத்தி வைத்து வெட்டியதுபோல விழும், ஒளி வட்டத்துக்கு வெளியே சட்டென்று இருட்டு. மத்திய அரசின் தேசியத் தெருவிளக்குத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து ஊர் ஊராக இது மாறிக்கொண்டே வருகிறது. மின்சாரம் மிச்சம், பெண்கள் நடக்க நல்ல வெளிச்சம், மறுப்பதற்கில்லை. ஆனால் மஞ்சள் தெரு இன்னும் எங்காவது மிஞ்சியிருந்தால் இந்த வாரமே போய் எடுத்துவிடுங்கள்.

வொயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்வது) பற்றி: தானியங்கியில் விடாதீர்கள். சோடியத்துக்கு 2800, 3000 என்று வைத்தால் தெரு ஓரளவு மஞ்சளாகவே இருக்க, வானம் ஆழ்ந்த நீலமாகிவிடும். அந்த இரண்டு நிறத்தின் சண்டைதான் படம். எல்இடிக்கு 4000 வைத்துப் பாருங்கள். எதற்கும் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) எடுத்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஒரே தெருவில் பாதி மஞ்சள், பாதி வெள்ளை என்று மாறிக்கொண்டிருக்கும் நாட்களில் கிடைப்பதுதான் என் அனுபவத்தில் ஆகச் சிறந்த படங்கள். டீக்கடைவரை பழைய காலம், அதற்கப்புறம் புதுக் காலம்.

விளக்கிலிருந்து நட்சத்திரம் மாதிரிக் கதிர் வரவைப்பது எப்படி?

அப்பர்ச்சரைச் சுருக்குங்கள். எஃப் 11 முதல் 16 வரை. அதற்கு மேல் போனால் படத்தின் கூர்மை குறையும். கதிர்களின் எண்ணிக்கை லென்ஸுக்குள் இருக்கும் இதழ்களைப் பொறுத்தது: 8 இதழ் என்றால் 8 கதிர், ஒற்றைப்படையாக 7 என்றால் இரட்டிப்பாகி 14. ஒன்றிரண்டு விளக்கில் அழகு. வரிசையாக இருபது விளக்கிலும் வந்தால் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

போனில் இது வராது, அதன் அப்பர்ச்சர் பெரும்பாலும் சுருங்காது. போனில் தெரியும் நீளக் கோடு உங்கள் விரல் எண்ணெய். வேட்டி முனையால் துடையுங்கள்.

போனிலேயே எடுக்கலாமா?

தாராளமாக. இரவு முறையில் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அதனால் அசையாத கம்பம், சுவர், வானம் எல்லாம் நன்றாக வரும். நடக்கிற ஆள் ஆவி மாதிரி வருவார். விளக்கின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். எல்லாப் போனும் ராத்திரியைப் பகலாக்கத் துடிக்கிறது, நாம்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். டிரைபாட் இல்லையென்றால் பைக் சீட், மதில், மூடிய கடையின் படி. ஜூம் வேண்டாம், இரண்டு அடி முன்னால் போங்கள்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. கேமரா கெட்டுவிட்டதா?

இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாதது வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். வீடியோவுக்கு விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. மலிவான எல்இடிகளில் இதையும் மீறிப் பட்டை வந்தால் ஷட்டரை இன்னும் மெதுவாக்குங்கள்.

விளக்கடியில் ஆளை நிறுத்தினால் கண் இருக்கும் இடத்தில் குழி தெரிகிறதே?

எல்லாரும் செய்வது இது. தெருவிளக்கில் படித்து நீதிபதியானவர் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்த்த முத்துசாமி ஐயரின் கதை மனதில் இருக்கிறதோ என்னவோ, ஆளைக் கொண்டுபோய் நேரே கம்பத்தின் அடியில் நிறுத்திவிடுகிறோம். படிக்க அது சரி, வெளிச்சம் புத்தகத்தில் விழும். முகத்துக்கு அது ஆகாது. தலைக்கு நேர் மேலிருந்து விழும் ஒளியில் நெற்றியும் மூக்கும் மின்னும், கண் இருண்டுபோகும்.

கணக்கு இதுதான். விளக்கு தரையிலிருந்து 6.5 மீட்டர், முகம் 1.5 மீட்டர் உயரம் என்று வையுங்கள். மீதி 5 மீட்டர். ஆளைக் கம்பத்திலிருந்து அதே 5 மீட்டர், அதாவது ஏழெட்டுத் தப்படி, தள்ளி நிறுத்தி விளக்கைப் பார்க்கத் திருப்புங்கள். ஒளி 45 பாகை சாய்வில் வந்து கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சத்தை வைக்கும். தூரம் கூடுவதால் வெளிச்சம் பாதியாகும், ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இன்னும் எளிய வழி, தரையைக் கவனியுங்கள். வெள்ளைச் சிமெண்ட் தரை, விரித்த செய்தித்தாள், பூக்காரம்மாவின் ஈரத்துணி எல்லாம் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும். பூக்கட்டும் பெண்களின் முகம் தெருவிளக்கடியில் அவ்வளவு நன்றாக வருவதற்கு மடியில் குவிந்திருக்கும் மல்லிகைக்கும் பங்கு உண்டு.

தெரிந்தவர் என்றால் சொல்லி எடுங்கள். தெரியாதவர் என்றால் கேட்டு எடுங்கள்.

மழை, மூடுபனி, பூச்சி வந்தால் கேமராவை உள்ளே வைத்துவிடலாமா?

அப்போதுதான் வெளியே எடுக்க வேண்டும்!

வறண்ட காற்றில் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அது விழும் இடம் மட்டுமே தெரியும். காற்றில் துளி இருந்தால் விளக்கிலிருந்து தரை வரை ஒளி கூம்பாக இறங்குவது அப்படியே தெரியும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை. அதிகாலைப் பனியில் ஒரு கம்பம் தெரிந்து, அடுத்தது பாதி தெரிந்து, மூன்றாவது ஒரு மங்கல் வட்டமாக மட்டும் நிற்கும். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காற்றில் மிதக்கும். அதை எடுக்க விளக்கை நோக்கி நில்லுங்கள், ஆனால் விளக்கை ஒரு கிளைக்கோ கம்பத்துக்கோ பின்னால் மறைத்துவிடுங்கள். பின்னணி இருட்டாக இருக்கட்டும். 1/60-ல் துளிகள் நூலாகும், 1/500-ல் மணியாகும். விளக்குக்கு முதுகு காட்டி நின்றால் மழையே தெரியாது, எல்லாரும் ஏன் குடை பிடித்திருக்கிறார்கள் என்று படம் பார்ப்பவர் கேட்பார்.

ஈசல் தனிக் கதை. ஐப்பசி மழை ஒரு நாள் நன்றாகப் பெய்து ஓய்ந்த சாயங்காலம். எங்கள் தெருவில் விளக்கு போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு எண்ண முடியாது. நான் 1/8 விநாடி வைத்தேன். ஒவ்வொரு ஈசலும் ஒரு சுருண்ட நூலாக விழுந்தது. கீழே பார்த்தால் உதிர்ந்த சிறகுகள் தேங்கிய தண்ணீரில் மிதந்து சாக்கடை வாயில் ஒதுங்கிக்கொண்டிருந்தன. கம்பத்தில் இரண்டு பல்லி, மதிலில் ஒரு தவளை, மேலே கம்பியில் ஒரு புள்ளி ஆந்தை. அது இறங்கும், ஒன்றைக் கவ்வும், அதே இடத்துக்கு வந்து உட்காரும். பந்திக்கு இலை போட்டதுபோல எல்லாருக்கும் இடம் இருந்தது. மூன்றாம் வீட்டு ஆச்சி ஒரு சொளவோடு வந்து, "அந்தக் காலத்துல இத வறுத்து அரிசியோட திம்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூச்சிகள் விளக்கைச் சுற்றுவது ஏன் என்று 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. பறக்கும் பூச்சி எப்போதும் வெளிச்சம் வரும் பக்கத்துக்கு முதுகைத் திருப்பி வைத்துக்கொள்ளும். வானத்தின் கீழ் பறக்கும்போது அது சரிதான், முதுகு மேலே இருக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு முதுகைக் காட்டப்போய், திரும்பித் திரும்பிச் சுற்றிலேயே மாட்டிக்கொள்கிறது. என் படத்தில் நூல்கள் எல்லாம் நேராகப் போகாமல் சுருண்டது ஏன் என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

பகலில் கம்பத்தில் எடுக்க என்ன இருக்கிறது?

நிழல் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தெருவின் குறுக்கே விழுந்து எதிர்வீட்டுச் சுவரில் மடங்கி ஏறும். கரிச்சான் கம்பியில் உட்கார்ந்து வாலைப் பிளந்துகொண்டிருக்கும். ஊருக்கு வெளியே போனால் பனங்காடை.

வருஷத்தில் இரண்டு நாள் அந்த நிழலே காணாமல் போகும். கடகரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்குச் சூரியன் உச்சிக்கு நேரே வரும் நாட்கள் அவை. சென்னையில் ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, நெல்லையில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். இங்கே பகல் 12.20 மணி வாக்கில் கம்பம் தன் நிழலைத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நிற்கும். ஏப்ரல் வெயிலில் கம்பத்தை அண்ணாந்து பார்க்கும் என்னை ஊர் என்ன நினைக்கும் என்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நிலக்காட்சியில் கம்பம் வந்தால் கெட்டுவிடாதா?

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வயலும் மலையும் சேர்ந்த காட்சியில் கம்பம் ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்பட்டு நின்றால் அது இடைஞ்சல். முழுசாக, தலையும் காலும் தெரிய, கொஞ்சம் காற்றோட்டமாக நின்றால் அது காட்சியில் ஒரு ஆள். களக்காடு பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே வண்டிப்பாதை, அதில் ஒற்றை விளக்கு, பின்னால் மேற்கு மலை கறுத்து நிற்கிறது. அந்த விளக்கை அழித்துவிட்டுப் பாருங்கள், யாருமில்லாத மலை மட்டும் மிஞ்சும். விளக்கு இருந்தால், அங்கே யாரோ வீட்டுக்குப் போகிறார்கள்.

வரிசைக் கம்பங்களுக்கு இரண்டு வழி. அகல லென்ஸை வைத்து முதல் கம்பத்துக்கு மிக அருகில் நின்றால் மற்றவை சட்டென்று சிறுத்துத் தூரத்துக்கு ஓடும். நீள லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் 30 மீட்டர் இடைவெளியில் நிற்கும் கம்பங்கள் ரேஷன் கடை வரிசைபோல நெருங்கி நிற்கும். தாமிரபரணிமேல் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தை நான் இரண்டாவது வழியில்தான் எடுப்பேன். ஆற்றில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் நாளில் விளக்குகளின் நிழலாட்டம் ஆற்றுக்குள் நீளமாக இறங்கும். பாலத்தின் மேலே நின்று எடுக்காதீர்கள். லாரி போகும்போதெல்லாம் டிரைபாட் நடுங்கும், படம் ஆடிவிடும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை இதற்கு ஏற்ற இடம். சாயங்காலமானால் வண்டிகளை விடமாட்டார்கள்; நடுச்சாலையில் டிரைபாடை நட்டு வைத்து நிதானமாக எடுக்கலாம்.

நிலாவையும் விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எப்படி?

நிலாவின் அகலம்போல் 110 மடங்கு தூரத்தில் நிலா இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதே கணக்கை விளக்குக்கும் போடுங்கள். 60 சென்டிமீட்டர் நீள விளக்கு நிலா அளவுக்கே தெரிய வேண்டுமானால் 66 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதாவது இரண்டு கம்பம் தாண்டி. 200 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் லென்ஸ் வேண்டும். பௌர்ணமி அன்று நிலா கிழக்கே எழும் நேரமும் விளக்கு போடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். வானத்தில் மிச்ச வெளிச்சமும் இருக்கும். மறுநாள் நிலா ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிந்திவிடும், வானம் கறுத்துவிடும்.

அகல லென்ஸில் கம்பம் சாய்ந்து விழுகிறதே?

கேமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். நிமிர்த்திப் பிடித்துப் பின்னால் போங்கள். கீழே வரும் வெறும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம் ஊர்க் கம்பங்களில் பாதி உண்மையாகவே சாய்ந்துதான் நிற்கின்றன. மென்பொருளில் கம்பத்தை நிமிர்த்தப்போய் பின்னால் இருக்கும் வீட்டைச் சாய்த்தவன் நான்.

கம்பிகளை அழிக்கலாமா?

உங்கள் படம், உங்கள் விருப்பம். நான் அழிப்பதில்லை. தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்ததுபோல வந்தால் மட்டும், எடுக்கும்போதே அரை அடி நகர்ந்துகொள்வேன்.

கேமராவோடு கம்பத்தடியில் நின்றால் ஆட்கள் கேள்வி கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள். என்னிடம் அதிகம் கேட்டது, "ஏ தம்பி, லைட்டு எரியலன்னு எழுதிப் போட்டோமே, அதுக்கா வந்திருக்க?" என்பதுதான். இல்லை ஆச்சி, சும்மா படம் எடுக்கிறேன் என்றால் முகம் வாடிவிடும். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணைச் சொல்லிவிட்டு வரலாம், ஒரு உபகாரம்.

பொதுத்தெருவில் நின்று தெருவிளக்கை எடுப்பதற்குத் தடை இல்லை. வீட்டு ஜன்னலுக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள். எடுத்ததைத் திருப்பிக் காட்டினால் சந்தேகப்பட்டவரே அடுத்த தெருவில் நல்ல கம்பம் இருக்கிறது என்று வழி சொல்வார். ராணுவ, கடற்படை இடங்கள், விமான நிலையம், கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ரயில்வே இடத்துக்குள் டிரைபாட் விரிக்குமுன் அனுமதி கேளுங்கள்.

கம்பத்தில் சாய்ந்து நின்று எடுக்கலாமா?

கூடாது. ஒரு கார்த்திகை மாத மழையில், தரையெல்லாம் தண்ணீர், நான் இரும்புக் கம்பத்தில் தோளைச் சாய்த்து கேமராவை நிலைப்படுத்தினேன். முழங்கைவரை சுருக்கென்று ஓடியது. செருப்பு ரப்பர், அதனால் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து மழைநாளில் இரும்புக் கம்பம், அதன் இழுவைக் கம்பி, மூடி திறந்து கிடக்கும் இணைப்புப் பெட்டி மூன்றுக்கும் நாலடி தள்ளியே நிற்கிறேன். உலோக டிரைபாடின் காலையும் தேங்கிய தண்ணீரில் வைப்பதில்லை. அறுந்து தொங்கும் வயர் தொலைபேசி வயராகவே இருந்தாலும் கிட்டப் போகாதீர்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுக்கலாமா?

சோடியம் வெளிச்சத்தில் தாராளமாக. அங்கே இருப்பதே ஒரு நிறம்தான்.

நான் ஒரு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்த கம்பத்தை மாற்றிவிட்டார்கள். இனி என்ன செய்ய?

எனக்கும் நடந்தது. ஒரு காலையில் கிரேன் வந்தது, மத்தியானத்துக்குள் புதுசு நின்றது. எண் இல்லை, பட்டை இல்லை, நோட்டீஸ் இல்லை. பையன்கள் அன்று சாயங்காலமே சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் டியூஷன் நோட்டீஸ் வந்தது. அதையெல்லாம் நாள் போட்டு எடுத்து வையுங்கள். பழைய கம்பத்தை அடியோடு பெயர்க்க மாட்டார்கள், உடைத்தெடுத்த இடத்தில் ஒரு முழ உயரத்துக்கு மிச்சம் நிற்கும், உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து எட்டிப் பார்க்கும். எங்கள் தெருவில் அந்தக் கம்பிகளை யாரோ மடக்கித் தட்டிவிட்டார்கள். சாயங்காலம் இட்லி மாவு விற்கிற அக்கா அதன்மேல் தூக்குவாளியை வைக்கிறார். புது விளக்கின் வெளிச்சம் வாளியின் மூடியில் நேராக விழுகிறது. 1/60, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200.